பேஸ் கிட்டார் ஒலி தெளிவாக இல்லை: ஒன்றேகால் லட்சத்துக்கு வேறு கருவி வாங்கலாமா? (அவசரம்)

கருங்கல்_பேஸ் | திங்கள், இரவு 10.52

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கு ஆலயத்தின் பாடகர் குழுவில் நான்கு ஆண்டுகளாகப் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். சில மாதங்களாக ஒலி சரியாக வரவில்லை. கீழ்ச்சுரங்கள் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கின்றன. இடையிடையே ஒரு முனகலும் வருகிறது. திருவிழாவுக்கு இன்னும் பதினாறு நாள்களே உள்ளன. திருவனந்தபுரத்தில் ஒருவர் தம்மிடமுள்ள அமெரிக்கத் தயாரிப்பு ஃபெண்டர் ஜாஸ் பேஸை ஒன்றேகால் லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லவும்.

தக்கலை_நால்தந்தி | திங்கள், இரவு 11.15

தம்பி, லட்சத்தைப் பற்றிப் பேசுமுன் இப்போது கையில் இருப்பது எந்தக் கருவி, அதை எதில் செருகி வாசிக்கிறீர்கள், தந்தி மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்ற மூன்றையும் சொல்லுங்கள். முனகல் எப்போதும் வருகிறதா, தந்தியைத் தொட்டால் குறைகிறதா என்பதும் தெரிய வேண்டும். இவை தெரியாமல் நாங்கள் எதைச் சொன்னாலும் அது குருடர்கள் யானையைத் தடவிய கதையாகத்தான் முடியும்.

ஆசாரிப்பள்ளம்_தச்சர் | செவ்வாய், காலை 6.30

மரத்தொழில் செய்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். மலிவான கருவிகளில் உடற்பகுதிக்குச் சரியாக உலராத மரத்தைப் பயன்படுத்திவிடுகிறார்கள். அதன்மேல் தடித்த வண்ணப்பூச்சு ஏறியதும் உள்ளே இருப்பது பலகையா ஒட்டுப்பலகையா என்பதே வெளியே தெரிவதில்லை. விரல்பலகை ஈட்டி மரமாக இருந்தால் ஒலியில் ஒரு கனிவு இருக்கும். நமது மலையில் வளரும் அந்த ஈட்டியைத்தான் உலகெங்கும் கிட்டார் செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். உங்கள் கருவியை விரல்மூட்டால் தட்டிப் பாருங்கள்; மொட்டையாக ஒலித்தால் கைவிட்டுவிடலாம்.

வடசேரி_பழையவன் | செவ்வாய், காலை 9.05

இதே கேள்வியை ஆண்டுக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். நானும் சலிக்காமல் விடை எழுதி வருகிறேன். பழையதைத் தேடிப் படிக்கும் பொறுமைதான் எவருக்கும் இல்லை.

மின்கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான். அதற்கு எஃகுத் தந்தியின் அசைவு தெரியுமே தவிர, தச்சர் ஐயா தட்டிப் பார்க்கும் மரம் தெரியாது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸையும் 1960இல் ஜாஸ் பேஸையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நகலிலும் அதே 34 அங்குலத் தந்தி நீளமும் ஏறத்தாழ அதே மின்சுற்றுமே இருக்கின்றன. ஆகவே கருவியைக் குறை சொல்லுமுன் சொந்த விரல்களைச் சற்றுக் கவனித்துக்கொள்வது நல்லது.

மைக்செட்_குளச்சல் | செவ்வாய், பகல் 1.20

பழையவன் அண்ணாச்சி விரல்வரை வந்துவிட்டு ஸ்பீக்கரை மறந்துவிட்டார். பேஸின் மிகக் கீழான ‘ஈ’ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஆலயச் சுவர்களில் மாட்டியிருக்கும் தூண் வடிவக் காலம் ஸ்பீக்கர்கள் பிரசங்கத்துக்காக வைக்கப்பட்டவை; 41 ஹெர்ட்ஸ் அவற்றின் வழியாக ஒருநாளும் வெளிவராது. கீழ்ச்சுரங்களுக்கென்று தனியாக ஒரு சப் ஸ்பீக்கர் இல்லாத இடத்தில் நீங்கள் பத்து லட்சம் ரூபாய்க் கருவியை வாசித்தாலும் மக்கள் கேட்பது அட்டைப்பெட்டியைத்தான். சகோதரர் எதில் செருகுகிறார் என்பதை இன்னும் சொல்லவில்லை.

கருங்கல்_பேஸ் | செவ்வாய், இரவு 9.40

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. கருவியின் பெயர் அழிந்துவிட்டது. கறுப்பு நிறம், இரண்டு பிக்கப், மூன்று குமிழ்கள் இருக்கின்றன. பழையதாகத்தான் வாங்கினேன். மிக்சரில் செருகுவேன். தந்திகள் நன்றாக இருக்கின்றன, இதுவரை ஒன்றும் அறுந்ததில்லை. திருவனந்தபுரத்துக்காரர் விலையில் ஐயாயிரம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தக்கலை_நால்தந்தி | செவ்வாய், இரவு 10.02

அறுந்ததில்லை என்றால் நான்கு ஆண்டுகளாக மாற்றியதும் இல்லை என்று பொருளா?

முட்டம்_கரைவாசி | செவ்வாய், இரவு 10.30

அப்படியென்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. என் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாதாரண நிக்கல் சுற்றிய தந்தி என்னிடம் ஆறு வாரங்கள்கூடத் தெளிவாக ஒலித்ததில்லை. வியர்வையும் உப்புக்காற்றும் தந்தியின் சுற்றுகளுக்கு இடையே அழுக்காகப் படிந்துவிட்டால் மேல் அதிர்வுகள் முதலில் செத்துவிடும். அடித்தொனி மட்டும் மந்தமாக எஞ்சும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியிலும் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்து மூடுவதைத் தவிர, எனக்குத் தெரிந்து இதற்கு மலிவான வழியில்லை. தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சிறு திருகுகளையும் பாருங்கள். என் முதல் கருவியில் அவை துருப்பிடித்து இறுகிப்போனதால், தந்தியின் உயரத்தைக் கடைசிவரை மாற்றவே முடியவில்லை.

தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து நன்றாக உலர்த்தினால் சில நாள்களுக்கு உயிர் திரும்பும். இரண்டாயிரம் ரூபாய் கைக்கு வரும்வரை நானும் அப்படித்தான் சமாளித்தேன்.

வடசேரி_பழையவன் | புதன், காலை 8.15

தந்தியை வேகவைப்பது சமையலறை வேலை. அதை இசைக்கருவிக்குப் பரிந்துரைக்க வேண்டாம். மேலும், பழைய தந்தி என்றாலே கெட்ட ஒலி என்று சொல்பவர்கள் ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேட்டதில்லை போலும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றை வலக்கையின் ஒரே விரலால் வாசித்தார். தந்தி அறுந்தாலன்றி மாற்றியதே இல்லை. பேஸ் வாசிக்கும் எவரும் இன்றுவரை அந்த ஒலியைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மைக்செட்_குளச்சல் | புதன், காலை 11.48

அண்ணாச்சி சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஜேமர்சனின் தந்திகள் தட்டைச் சுற்று வகையைச் சேர்ந்தவை. வழுவழுப்பான அவற்றில் அழுக்கு தங்க இடமே இல்லை. இவரிடம் இருப்பது அநேகமாக இடுக்குகள் உள்ள உருண்டைச் சுற்று. அத்துடன், அங்கே பேஸை நேரடியாக ஒலிப்பதிவு மேசையில் இணைத்தார்கள். 41 ஹெர்ட்ஸ் முழுமையாகப் பதிவாயிற்று. அடித்தொனியே வெளிவராத ஆலயத்தில் நம் காது அதன் இருமடங்கும் மும்மடங்குமான 82, 123 ஹெர்ட்ஸ் போன்ற மேல் அதிர்வுகளைக் கேட்டுத்தான் அந்தக் கீழ்ச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. செத்த தந்தியில் அவையும் மங்கிவிட்டால் காதுக்கு எதுதான் மிஞ்சும்?

நான் முதலில் ஸ்பீக்கரை மட்டும் சொன்னதும் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். “மிக்சரில் செருகுவேன்” என்று தம்பி எழுதியிருப்பதுதான் இப்போது என் கண்ணை உறுத்துகிறது. பேட்டரி இல்லாத பேஸின் பிக்கப், ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் மின்தடை கொண்ட நுழைவாயிலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. மிக்சரின் லைன் நுழைவாயில் பெரும்பாலும் பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அதில் நேராகச் செருகினால் ஒலி அளவும் குறையும், கூர்மையும் போய்விடும். உடனே இயக்குபவர் மிக்சரில் ஒலியைப் பெருக்கும் கெயினை ஏற்றுவார், அதனுடன் முனகலும் ஏறும். நடுவில், இந்த மின்தடை வேறுபாட்டைச் சரிசெய்யும் சிறு பெட்டியான ஓர் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் வைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் மைக் செட்காரரிடம் ஒன்று சும்மா கிடக்கும். திருவிழா முடியும்வரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆசாரிப்பள்ளம்_தச்சர் | புதன், மாலை 5.10

மரத்தைப் பற்றி நான் சொன்னதை எல்லாரும் கடந்துவிட்டீர்கள். மரத்தால் ஒன்றுமில்லை என்றால், 2017இல் ஈட்டி இனம் முழுவதற்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தபோது கிட்டார் நிறுவனங்கள் ஏன் அவ்வளவு கலங்கின? மெக்சிகோவில் தயாரான ஃபெண்டர்கள் பலவற்றில் பாவ் ஃபெரோ என்ற வேறு மரத்தைப் போட்டார்களே!

வடசேரி_பழையவன் | புதன், இரவு 7.25

போட்டார்கள், விற்றார்கள், வாசித்தவர்களும் வாசித்தார்கள். எவருடைய பேஸும் ஊமையாகிவிடவில்லை. 2019இல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் அளித்துவிட்டார்கள். அப்போது எழுந்த கலக்கம் ஏற்றுமதித் தாள்களைப் பற்றியது, ஒலியைப் பற்றியதன்று.

ஆசாரிப்பள்ளம்_தச்சர் | புதன், இரவு 8.00

ஒலியை விடுங்கள். நெக் எனப்படும் கழுத்துப் பகுதியை அறுத்த மரம் நன்றாக உலர்ந்திருக்கிறதா, அதன் நார் நேராக ஓடுகிறதா என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா? வைகாசி முடிந்து ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழைகளைத் தாங்கும் இந்த மாவட்டத்தில், உலராத நெக் ஆண்டுக்கு இருமுறை வளையாமல் என்ன செய்யும்?

இரணியல்_இராகம் | வியாழன், காலை 7.45

தச்சர் ஐயா இப்போது சொன்னதில் பொருள் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கி ஆறு ஆண்டுகளாக வாசிப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்தவை இவை: விரல்பலகையில் பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் முனைகள் விரலைக் கிழிப்பதில்லை, ஒருமுறை சுருதி கூட்டினால் திருப்பலி முடியும்வரை நிற்கிறது, மழைக்காலத்தில் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் திருப்புக்கு மேல் நான் தொட்டதில்லை. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியை 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறக்கிய பிறகும் கரகரப்பு இல்லை. முன்பிருந்த மலிவான கருவியில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்கவே முடியாது. இதனால் மூன்று மணி நேரம் வாசித்தாலும் கை வலிப்பதில்லை. விற்க நினைத்தால் பெரும்பகுதிப் பணம் திரும்பியும் வரும்.

கிடைக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கருவியுடன் வாசித்த முதல் ஞாயிறன்று ஒலி மாறியிருக்கிறதா என்று பாடகர் குழுவில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மாறியதாக ஒருவரும் சொல்லவில்லை. கீபோர்டு வாசிக்கும் அக்கா மட்டும், “நீ இன்றைக்குச் சிரித்துக்கொண்டே வாசித்தாய்” என்றார்.

முனகலைப் பற்றி ஒரு செய்தி. தம்பி சொன்னது போல் இரண்டு பிக்கப், மூன்று குமிழ்கள் கொண்ட ஜாஸ் வகையின் இரண்டு பிக்கப்புகளும் ஒற்றைச் சுருள் கொண்டவை. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருப்பதால், இரண்டு ஒலிக் குமிழ்களையும் முழுமையாகத் திறந்தால் முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒன்றைக் குறைத்தால் உடனே தலைகாட்டும். மலிவான நகல்கள் சிலவற்றில் இந்த எதிர்ச்சுற்று இருக்காது. தம்பி இரண்டையும் முழுமையாகத் திறந்து பார்த்தாரா? இது இயல்பான முனகல்தான் என்றால், திருவனந்தபுரத்துக் கருவியும் முனகலைத் தடுக்கும் நாய்ஸ்லெஸ் பிக்கப் கொண்டதாக இல்லாவிட்டால் அதே போலத்தான் முனகும்.

தக்கலை_நால்தந்தி | வியாழன், காலை 9.30

இதனுடன் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். தந்தியில் கையை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது சுரீர் என்று இழுக்கிறதா? இழுத்தால் அது கருவியின் கோளாறன்று, எர்த் கோளாறு. பந்தலில் ஜெனரேட்டரிலிருந்து இணைப்பு எடுக்கும் நாள்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் நடுமுள்ளை முறித்துவிட்டு “முனகல் போய்விட்டது” என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையைச் செய்துவிடாதீர்கள், மின்பணியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

கருவியைப் பார்க்கத் திருவனந்தபுரம் போவதாக இருந்தால், நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் தனித்தனியே வாசித்துப் பாருங்கள். ஃபெண்டர் வகை நெக்குகளில் ‘ஜி’ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட் வரையிலான பகுதியில் ஏதாவதொரு சுரம் சட்டென்று அடங்கிவிடுவது பழைய வழக்கம். விலையுயர்ந்தவையும் அதற்கு விலக்கல்ல. ட்ரஸ் ராடு திருகு இனிச் சுழல இடமில்லாமல் இறுகியிருந்தால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள்.

முட்டம்_கரைவாசி | சனி, இரவு 9.15

தம்பி இருக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாரே.

மைக்செட்_குளச்சல் | திங்கள், காலை 10.00

திருவிழாக் கொடி ஏறும் நேரத்தில் பாடகர் குழுவினரைத் தேடுவது வீண்.

கருங்கல்_பேஸ் | பதினெட்டு நாள்களுக்குப் பின், இரவு 11.20

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஒத்திகையில் நேரம் போய்விட்டது. தந்தி மாற்றினேன், மைக் செட் அண்ணன் டி.ஐ. பாக்ஸ் தந்தார், கடைசி நாள் திருப்பலியில் நன்றாகவே கேட்டது. இரண்டு குமிழ்களையும் முழுமையாகத் திறந்தால் முனகல் இல்லை. திருவனந்தபுரத்துக் கருவியை வாங்கவில்லை, இன்னும் இருக்கிறதாம். அனைவருக்கும் நன்றி.

வடசேரி_பழையவன் | மறுநாள், காலை 6.50

மகிழ்ச்சி. ஆனால் தந்தியையும் பாக்ஸையும் ஒரே நாளில் மாற்றினீர்களா, அல்லது ஒன்றை மாற்றிக் கேட்டுவிட்டு மற்றதை மாற்றினீர்களா? ஒரே நாளில் என்றால் இத்தனை பேர் இத்தனை நாள் வாதிட்டதில் எது சரி என்பது எவருக்கும் தெரியப்போவதில்லை. பழைய தந்திகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால், அவற்றை மீண்டும் பூட்டி, பாக்ஸுடன் ஒருமுறை வாசித்துப் பார்த்து எழுதவும்.

முட்டம்_கரைவாசி | மறுநாள், காலை 7.30

பூட்டுமுன் வேகவைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள், அண்ணாச்சி.