பூர்வீக வீட்டில் வெள்ளிச் சாமான் களவு போய்விட்டது, திரும்பக் கிடைக்க வழி உண்டா?

முகப்புத்திண்ணை:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஐயா கட்டிய வீடு, ஐந்து பங்காளிகளுக்குப் பொது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் எல்லோரும் போய்த் திறப்போம், மற்ற நாளெல்லாம் பூட்டுதான். காவலுக்கு இருக்கும் அண்ணன் உடம்புக்கு முடியாமல் மகள் வீட்டுக்குப் போயிருந்த நான்கு நாளில், பின்கட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறார்கள். இரண்டாம் கட்டு அறையில் இருந்த தேக்குப் பெட்டியை மட்டும் உடைத்து, அப்பத்தாவின் கல்யாணத்துக்கு (1941) வந்த வெள்ளியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, குடம், பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம், கும்பாக்கள், வேவு (கல்யாணச் சீர்) இறக்கும் கடகாம் என்ற பாத்திரம். பக்கத்திலேயே இருந்த பித்தளை அண்டாவைத் தொடக்கூட இல்லை.

புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. ஆனால் அதில் ‘வெள்ளிப் பொருட்கள் சுமார் 11 கிலோ’ என்று மட்டும்தான் இருக்கிறது. ரசீது எதுவும் கிடையாது. எல்லாச் சாமானிலும் எங்கள் வீட்டு விலாச எழுத்து (குடும்பப் பெயரின் முதலெழுத்துகள்) வெட்டியிருக்கும், அதை அரம் போட்டு எடுத்துவிட்டால் என்ன செய்வது? பணத்துக்காகக் கேட்கவில்லை. அப்பத்தா கையில் பிடித்த செம்பு அது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டுப்பக்கம்:

அந்தச் ‘சுமார் 11 கிலோ’வை முதலில் சரி செய்யுங்கள். கீழ்க்கோர்ட்டில் வழக்குச் சொத்துகளைப் பதிவு செய்யும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். ஆள் பிடிபட்டு, பாத்திரமும் மேசைக்கு வந்த பிறகு, இது என்னுடையதுதான் என்று சொல்ல ஒரு வரி ஆதாரம் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். விசாரணை அதிகாரியைப் பார்த்து, கூடுதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு சாமானாக எழுதுங்கள்: பெயர், உயரம், ஏறக்குறைய எடை, விலாச எழுத்து எந்த இடத்தில், நசுங்கல் எங்கே, பற்றவைத்தது எங்கே. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

1941 ரசீதை யாரும் கேட்கப் போவதில்லை. கல்யாணச் சாமான் சிட்டை (பட்டியல்), பழைய போட்டோ, அந்தச் சாமானைப் புழங்கிய பெரியவர்களின் சாட்சி, இது போதும். பொருள் கிடைத்துவிட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது, போட்டோ எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம் என்று. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 497ஆம் பிரிவு 14 நாளில் பொருள் விவரம் எழுதி, போட்டோ எடுத்து, அதிலிருந்து 30 நாளுக்குள் உத்தரவு போடச் சொல்கிறது. பொருளைத் திரும்பக் கேட்கும் மனுவைப் பங்காளிகளில் ஒருவர் பெயரில் போடுங்கள், மற்ற நான்கு பேரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். அங்கேதான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

லெஸ்டர்வாசி:

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கேயும் கிராமப்புறத்துப் பெரிய மாளிகைகளில் இதே கதைதான். 2006இல் வில்ட்ஷயரில் ராம்ஸ்பரி மேனர் என்ற மாளிகையில் பெரிய களவு நடந்தது, ஒரே குடும்பத்து ஆட்கள் செய்தது, 2008இல் தண்டனை ஆனது. அள்ளிய பொருட்களில் ஒரு பகுதியை மண்ணுக்கடியில் பதுக்கி வைத்திருந்தார்கள், அந்தப் பகுதி திரும்பக் கிடைத்தது. பழம்பொருளை உடனே விற்க முடியாது, கொஞ்ச நாள் எங்காவது தூங்கும், அந்த நாள்தான் நமக்கு வாய்ப்பு. ஆனால் வெள்ளிக்கு அந்த வாய்ப்பு குறைவு, ஏனென்றால் 961 டிகிரியில் உருகிவிடும், அப்புறம் அது வெறும் கட்டி. அதனால் இந்த வாரமே சுற்றுவட்டார நகைக்கடை, அடகுக்கடை, பழம்பொருள் கடைகளுக்குப் போட்டோவோடு தகவல் போக வேண்டும், போலீஸ் மூலமாகவும் போகட்டும், நீங்களும் நேரில் போங்கள்.

லண்டனில் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் என்று களவுபோன கலைப்பொருட்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது, ஏல நிறுவனங்கள் அதில் தேடிப் பார்ப்பார்கள். கடகாம் போன்ற வேலைப்பாடுள்ள சாமானை அதில் பதிந்து வைக்கலாம். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் யாரும் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக 1972 சட்டத்தில் இடமில்லை, உங்கள் சாமானில் ஏதாவது அப்பத்தாவின் மாமியார் காலத்தது என்றால் அதையும் வாக்குமூலத்தில் சேருங்கள்.

பட்டறைத்தம்பி:

நாங்கள் மூன்று தலைமுறையாக வெள்ளிப் பாத்திர வேலை. அக்கா, விலாச எழுத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். அந்தக் காலத்துப் பேர் வெட்டு உளி வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டியது. மேலே அரம் போட்டு வழித்தாலும், தகடு மெல்லிசாக இருந்தால் உள்பக்கம் விரலை விட்டுத் தடவும்போது வரிசையாகச் சின்ன மேடு தட்டும். வழித்த இடம் மட்டும் தனியாகப் பளபளக்கும், சுற்றியுள்ள கறுப்போடு சேராது. கடையில் ஏதாவது பார்த்துச் சந்தேகம் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நீங்களாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் போலீஸோடு போங்கள்.

இன்னொன்று, உடைத்த பெட்டியையும் மிச்சம் கிடக்கிற சாமானையும் தொடாமல் வையுங்கள், கைரேகை எடுக்கட்டும். கிடைத்த பிறகும் புளி, சாம்பல் போட்டுத் தேய்த்து வெளுக்க வேண்டாம், கோர்ட்டு வேலை முடியும்வரை அந்தக் கறுப்பும் உங்களுக்குச் சாட்சிதான்.

முகப்புத்திண்ணை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மதுரையில் இருக்கும் பெரிய பங்காளி வீட்டுப் பரணில் சிட்டை கிடைத்துவிட்டது. நீளமான கணக்குத் தாள், மசி பழுப்பாகியிருக்கிறது, ஆனால் ‘வெள்ளிப் பன்னீர்ச்செம்பு 1’ என்று எழுதி எதிரே தோலா என்ற பழைய எடைக் கணக்கில் எடையும் இருக்கிறது. 1987 கல்யாணப் போட்டோ ஒன்றில் ஆத்தா அந்தச் செம்பை வைத்துக்கொண்டு முகப்பில் நிற்கிறார்கள், கழுத்துக்குக் கீழே நான் சின்ன வயதில் போட்டு உடைத்துப் பற்றவைத்த தழும்பு தெளிவாகத் தெரிகிறது. நால்வரும் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்கள். நாளை காலை போட்டோவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன், அப்படியே கடைகளுக்கும்.