கனடா கராஜ் வேலை: வண்டி ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது?

கோவை_மெக்கானிக்:
வணக்கம் நண்பர்களே. கோவையில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன், இப்போது ஒன்டாரியோ வந்து ஸ்காபரோவில் ஒரு கராஜில் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறேன். வேலை ஓடுகிறது, பேச்சில்தான் மாட்டிக்கொள்கிறேன். டிக்கி என்றால் யாருக்கும் புரியவில்லை. அதைவிடக் கஷ்டம் கஸ்டமர் சொல்வதை ஒர்க் ஆர்டரில் எழுதுவது. "மிஸ்ஸிங் அடிக்குது", "பிக்கப் இல்லை", "செல்ஃப் எடுக்கலை" இதையெல்லாம் இங்கே எப்படி எழுதுவார்கள்? எதை முதலில் படிக்கலாம்?

பார்ட்ஸ்_கவுண்டர்:
தம்பி, பார்ட்ஸ் பேர்களை முதலில் முடித்துவிடுங்கள், அது சுலபம். நம்ம ஊர் பேச்சு பிரிட்டிஷ் வழி, அங்கே அமெரிக்க வழி, அவ்வளவுதான். பானெட் அங்கே ஹூட், டிக்கி ட்ரங்க், சைலன்சர் மஃப்ளர், ஸ்பேனர் ரெஞ்ச், வீல் நட் லக் நட், பிரேக் டிஸ்க் ரோட்டர், பெட்ரோல் கேஸ். ஸ்டெப்னி வேண்டாம், ஸ்பேர் டயர் என்று சொல்லுங்கள். (வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் செய்து விற்ற உபரிச் சக்கரத்தின் பேர் அது, நம்மிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

ஆனால் இரண்டு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும், ஏனென்றால் வார்த்தை ஒன்றேதான், அர்த்தம் மாறிவிடும். ஒன்று மைலேஜ். நமக்கு அது லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்பது, அங்கே பெரும்பாலும் வண்டி இதுவரை ஓடிய தூரம். எரிபொருள் கணக்கை 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகப் போடுவார்கள், நம் 20 அங்கே 5. இன்னொன்று ட்ரைவர் சைடு. நம் ஊரில் அது வலது பக்கம், அங்கே இடது. பழக்கத்தில் ட்ரைவர் சைடு ஹெட்லைட்டுக்கு ஆர்.எச். (ரைட் ஹேண்ட், வலது) என்று எழுதினால் எதிர்ப்பக்கத்து லைட் வந்து நிற்கும். எல்.எச். (லெஃப்ட் ஹேண்ட், இடது), ஆர்.எச். இரண்டுமே சீட்டில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் இடது வலது, வண்டிக்கு எதிரில் நிற்கிற உங்களுடையது இல்லை.

ஸ்காபரோ_கராஜ்:
தம்பி, மேலே சொன்னது சரி, ஆனால் பெயர்களைப் பாடமாக்கிப்போட்டு அதோடு நிற்கவேண்டாம். இங்கே வாற கஸ்ரமருக்கும் பார்ட்ஸ் பெயர் தெரியாது, அவர் சத்தத்தைத்தான் சொல்லுவார். சத்தத்துக்கு உரிய சொற்கள் கைக்கு வந்தால் பாதி டயக்னோசிஸ் முடிந்த மாதிரி.

பிறேக் பிடிக்கேக்கை கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால் அது ஸ்குவீல். பிறேக் பாட் தேய்ந்ததும் அதிலே இருக்கிற சின்ன இரும்புத் தகடு ரோட்டரிலே உரசித்தான் அந்தச் சத்தம் வரும், பாட் மாற்றச் சொல்லித்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதைக் கவனிக்காமல் ஓடினால் இரும்போடு இரும்பு தேய்ந்து கரகரக்கும், அது கிறைண்டிங், ரோட்டரும் போயிருக்கும். பள்ளத்தில் விழேக்கை டொக்கென்றால் கிளங்க், சஸ்பென்ஷனிலே இருக்கிற போல் ஜொயின்ற், ஸ்வே பார் லிங்க் எல்லாம் பாருங்கோ. முழுக்க ஒடித்துத் திருப்பேக்கை டிக் டிக் என்றால் கிளிக், சக்கரத்தைச் சுற்றவைக்கிற அச்சிலே இருக்கிற சி.வி. ஜொயின்ற். ஓட்டம் கூடக்கூட ம்ம்ம் என்று கூடினால் ஹம், அநேகமாக வீல் பேரிங்.

எழுதேக்கை மூன்று சி: கொம்பிளெயின்ற், கோஸ், கரெக்‌ஷன். கஸ்ரமர் சொன்னது, நீங்கள் கண்டது, நீங்கள் செய்தது. முதல் வரி எப்பவும் "கஸ்ரமர் ஸ்டேற்ஸ்" என்றுதான் தொடங்கும். "கஸ்ரமர் ஸ்டேற்ஸ் கிளங்க் ஃப்ரம் ஃப்ரண்ட் லெஃப்ற் ஓவர் பம்ப்ஸ்." எந்தப் பக்கம், எப்ப, சூட்டிலா குளிரிலா என்று கேட்டுச் சேர்த்துவிடுங்கோ. உங்கட ஊகத்தை அந்த வரியிலே எழுதவே கூடாது, அது அவர் சொன்னதுக்கான இடம். பிறகு பில்லிலே பிரச்சினை வந்தால் இந்த மூன்று வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

கோவை_மெக்கானிக்:
அண்ணா, ரொம்ப நன்றி, சத்தம் பற்றி இப்படி யாரும் சொல்லித் தந்ததில்லை. அப்புறம் அந்த மிஸ்ஸிங், செல்ஃப்?

ஸ்கேனர்_பிரியன்:
மிஸ்ஸிங் அங்கே மிஸ்ஃபையர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. ஸ்கேனரில் பி0300 என்ற கோளாறு எண் வந்தால் எந்த சிலிண்டர் என்று பிடிபடாமல் மாறி மாறி அடிக்கிறது, பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே போகும். பிக்கப் இல்லை என்பதற்கு லேக் ஆஃப் பவர் என்று எழுதுங்கள். செல்ஃப் விஷயத்தில் பிரித்து எழுத வேண்டும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் நோ கிராங்க், பேட்டரி, ஸ்டார்ட்டர் பக்கம் போவார்கள். சுற்றுகிறது ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கிராங்க் நோ ஸ்டார்ட், பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் போவார்கள். இரண்டையும் நோ ஸ்டார்ட் என்று பொதுவாக எழுதினால் அடுத்த ஆள் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கோவை_மெக்கானிக்:
புரிந்தது. கடைசியாக ஒன்று. ஒருத்தர் வந்து "ஐ நீட் எ சேஃப்டி" என்றார். சீட் பெல்ட் ஏதாவது கேட்கிறாரோ என்று பார்த்தேன்.

ஸ்காபரோ_கராஜ்:
அது சேஃப்டி ஸ்டாண்டர்ட்ஸ் சேர்ட்டிஃபிகேற், ஒன்டாரியோவிலே பழைய வண்டி கைமாறி ரோட்டிலே ஓட வேண்டுமென்றால் வேணும். 36 நாளுக்குத்தான் செல்லும். எல்லாக் கராஜும் கொடுக்கேலாது, அதுக்கு அனுமதி உள்ள இடமாக இருக்கவேணும், லைசன்ஸ் உள்ள டெக்னீஷியன்தான் வண்டியைச் சோதித்துக் கையெழுத்து வைக்கலாம். அப்படி யாராவது கேட்டால் தேதியும் நேரமும் எழுதி எடுத்துப்போட்டு நேரே அவரிட்டை அனுப்பிவிடுங்கோ.