ஜே ஃபாய் கடைக்குப் போய் வந்தவர்கள்

கோவையிலிருந்து:

பாங்காக் போகிறவர்கள் எல்லோரும் ஜே ஃபாய் என்ற இந்தச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிக் கேட்பதால் நானே தொடங்கிவிடுகிறேன். பழைய நகரத்தில், மகாசாய் சாலையில் இருக்கிறது. கரி அடுப்பின் முன்னால், பனிச்சறுக்கு வீரர்கள் அணியும் பெரிய கண்ணாடியோடு ஒரு மூதாட்டி நிற்பார். அவர்தான் சுபின்யா ஜன்சுதா, கடையின் முதலாளி. எண்ணெய் தெறிக்கும் என்றுதான் அந்தக் கண்ணாடி, வேடிக்கைக்காக அல்ல.

அவருடைய அம்மா நூடுல்ஸ் விற்றவர். சுபின்யா தையல் தொழிலில் இருந்தார். தீ விபத்தில் உடைமைகள் போன பிறகுதான் வாணலியைக் கையில் எடுத்தார். தெருச் சாப்பாடு என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்று ஊரே நினைத்திருந்தபோது, பெரிய இறாலையும் நண்டையும் தேடி வாங்கிப் போட்டு, அதற்கேற்ற விலையும் வைத்தார். சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் வந்ததால் விலை ஏறியது என்று பலர் சொல்கிறார்கள். அப்படியல்ல, அதற்கு முன்பே அது விலை கூடிய கடைதான்.

நண்டு ஆம்லெட்டை ஊற்றும் விதத்தைப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெயில் முட்டைக் கலவை, அதன் நடுவே நண்டுச் சதை. கரண்டியால் எண்ணெயை மேலே அள்ளி ஊற்றியபடியே உருட்டி உருட்டித் தலையணை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே முழுக்க நண்டு. விலை ஆயிரம் பாட்டுக்கு (தாய்லாந்து நாணயம்) மேல்.

சிங்கப்பூரிலிருந்து:

அண்ணா, ஆம்லெட்டுக்குத்தான் கூட்டம், ஆனால் என் ஓட்டு கடலுணவு போட்ட காரமான அகல நூடுல்ஸுக்கு. கரி நெருப்பின் வாசம் அதில்தான் தெரிகிறது. காத்திருப்பைப் பற்றிப் புலம்புகிறவர்களுக்கு ஒன்று: 2017 டிசம்பரில் பாங்காக்குக்கான முதல் மிஷலின் கையேடு அவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸின் ஆசியத் தெரு உணவுத் தொடர் அவரில்தான் தொடங்கியது. கூட்டம் பெருகியது, சமைக்கும் கை மட்டும் பெருகவில்லை. ஒவ்வொரு வாணலியும் அவர் கையால்தான். நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவர் சலித்துக்கொண்டதாகச் செய்திகூட வந்தது. வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் நாலு கிளை திறந்திருப்பார்கள்!

கும்பகோணத்திலிருந்து:

நான் சைவம். வீட்டுக்காரர் சாப்பிடத்தான் போனோம். காலையிலேயே பட்டியலில் பெயர் எழுதிவிட்டு, நடக்கும் தூரத்தில் இருந்த லோஹ பிரசாதம் என்ற பௌத்தக் கோயில் கட்டடத்தையும், பெரிய ஊஞ்சல் என்ற நினைவுச் சின்னத்துக்கு அருகே தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலையும் பார்த்து வந்தோம். திருவெம்பாவை தாய்லாந்து அரசவைப் பிராமணர்களின் சடங்காக இன்றும் வாழும் இடம் அது. திரும்பி வந்தும் நேரம் இருந்தது. அவர் சமைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அலுக்கவில்லை. போகிறவர்கள் அன்றைக்கு வேறு எந்த முக்கிய வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். கடை திறந்திருக்கும் நாட்களையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.