நம் சர்வர் ஆவணத்தைத் தமிழில் எழுதக் கலைச்சொல் தேடுகிறோம். ஜாவா நிரலின் மாட்யூலுக்குக் “கூறகம்” என்று வைக்கலாமா?

> “தொகுதி” போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல்தான், சிக்கலே அதுதான். தேர்தலுக்கும் தொகுதி, புத்தகத்துக்கும் தொகுதி. போதாக்குறைக்கு, கிளாஸ்களைச் சேர்த்துக் கட்டும் பேக்கேஜைச் சிலர் “தொகுப்பு” என்கிறார்கள். ஜாவாவில் மாட்யூலுக்குள் பேக்கேஜ் வரும். “தொகுதிக்குள் தொகுப்பு” என்று ஆவணத்தில் எழுதினால் எழுதியவருக்கே அடுத்த வாரம் குழப்பம். பேக்கேஜுக்குப் “பொதி” என்றே இருக்கட்டும்.

> அப்படியானால் “கூறு”?

அதைக் காம்போனென்டுக்குக் கொடுத்துவிட்டோம். தவிர, கூறு என்றால் ஒரு பகுதி, அவ்வளவுதான். மாட்யூல் என்பது, எதை வெளியே காட்டும், எதை மறைக்கும், யாரிடம் எதைக் கேட்கும் என்று தானே அறிவிக்கிற பகுதி.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது ஒரு பழைய சர்வரைப் பராமரித்தபோது. நிரலை அழகாக ஜார் ஜாராகப் பிரித்திருந்தார்கள். ஆனால் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் கிளாஸ்பாத்தில், அதாவது கிளாஸ்களைத் தேடும் இடப் பட்டியலில், கிடந்தன. முதலில் எது கண்ணில் பட்டதோ அதை, நிரலை ஓட்டும் ஜேவிஎம் எடுத்துக்கொண்டது. பிறகு அதில் இல்லாத மெத்தடைத் தேடிப் பாதி வழியில் விழுந்தது. ஜார் என்பது சுருக்கிக் கட்டிய கோப்புறைதான், அதற்குச் சுவர் கிடையாது.

1999-இல் தொடங்கிய ஓஎஸ்ஜிஐ என்ற ஜாவா மாட்யூல் தரம் அந்தச் சுவரை எழுப்பியது. அதில் மாட்யூலுக்குப் பண்டில் என்று பெயர். ஒவ்வொரு பண்டிலுக்கும் கிளாஸ்களை ஏற்றித் தரும் தனி கிளாஸ்லோடர், ஆகவே இரண்டு பதிப்புகளும் சண்டையின்றி இருக்கலாம். தரும் பொதிகளையும் பெறும் பொதிகளையும் அதன் மேனிஃபெஸ்ட் கோப்பே சொல்லிவிடும். 2017-இல் வந்த ஜாவா 9 இந்த அறிவிப்பை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது.

அதனால்தான் “கூறகம்” என்கிறேன். மறைத்து வைப்பது அகம், வெளியே தருவது புறம். நமக்குப் பழகிய பிரிவுதானே இது! எக்ஸ்போர்ட், இம்போர்ட்டுக்கு ஏற்றுமதி, இறக்குமதி வேண்டாம், துறைமுக வாடை அடிக்கிறது. “தருபொதி”, “பெறுபொதி” என்று வினைத்தொகையாக வைத்தால் கச்சிதமாக இருக்கும்.

> “அகம்” வந்தால் நூலகம், அலுவலகம் போல ஓர் இடம் என்று தோன்றாதா?

தோன்றட்டுமே. கிளாஸ்கள் குடியிருக்கும் இடம்தானே அது.

சரி, பண்டில்? அதற்கு வேறு சொல் வேண்டும். ஜாவா 9-இல் தொடக்கத்திலேயே இணைத்த மாட்யூலைச் சர்வர் ஓடும்போது தனியே கழற்ற முடியாது. ஓஎஸ்ஜிஐ பண்டிலை ஓடும்போதே நிறுத்தலாம், புதுப்பிக்கலாம், நீக்கலாம். ஆகவே “கழல்கூறகம்”. காலில் அணியும் கழல் நினைவுக்கு வரும்தான், பரவாயில்லை. (கழற்றிய பிறகும் அதன் ஆப்ஜெக்டை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் பழைய கிளாஸ்லோடர் நினைவகத்தை விட்டு நகராது. அதைக் கலைச்சொல் தீர்க்காது.)

நம் சர்வர் ஆவணத்தில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: “இந்தக் கழல்கூறகத்துக்குத் தருபொதி ஒன்று, பெறுபொதி இரண்டு, தொடங்கியதும் தன் சேவையைச் சேவைப் பதிவேட்டில் சேர்க்கும்.” எனக்குத் தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. உங்களுக்கு?

டிபென்டன்சிதான், அதாவது நம் நிரல் சார்ந்திருக்கும் பிற நிரல்தான், இன்னும் உதைக்கிறது. “சார்பு” என்றால் ஃபங்ஷனோடு மோதும். “சார்புநிலை” எனக்கு ஒட்டவில்லை. “வேண்டுகூறகம்” என்று ஒன்று தோன்றுகிறது. ஆனால் நாம் சார்ந்திருப்பது எல்லாமே கூறகமாக இருக்காதே, சில வெறும் ஜார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், அதுவரை ஆவணத்தில் டிபென்டன்சி என்றே விட்டுவைக்கிறேன்.