ஆறு விசிறிகள், இரண்டே ஹெடர்கள்: 3 பின், 4 பின் விசிறிகளைச் சேர்த்துக் கட்டுப்படுத்துவது எப்படி?

வைகைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மேசைக்கணினியின் கேபினட்டில் முன்புறம் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என ஆறு விசிறிகள் உள்ளன. முன்புற விசிறிகள் மூன்றும் கேபினட்டோடு வந்த பழைய 3 பின் வகை. ஒவ்வொன்றின் நடுவிலும் 12 வோல்ட், 0.25 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. மற்றவை அண்மையில் வாங்கிய 4 பின் பிடபிள்யூஎம் (சமிக்ஞை மூலம் வேகம் மாறும்) விசிறிகள், தலா 0.15 ஆம்பியர். மதர்போர்டில் விசிறிகளைச் செருக சிபியு ஃபேன், சிபியு ஆப்ட், சேசிஸ் ஃபேன் 1, சேசிஸ் ஃபேன் 2 என நான்கு ஹெடர்களே (செருகுமுனைகள்) உள்ளன; முதல் இரண்டும் பிராசஸர் கூலருக்கானவை என்பதால் கேபினட் விசிறிகளுக்கு மிஞ்சுவது இரண்டே. முன்புற விசிறிகளை மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் இணைப்பில் நேரடியாகக் கொடுத்திருப்பதால், ஒரு பக்கம் தட்டச்சு செய்யும்போதுகூட அவை முழு வேகத்தில் இரைகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்துப் பல விசிறிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹப் ஒன்றைப் பொருத்தினால் ஆறையும் ஒரே ஹெடரிலிருந்து கட்டுப்படுத்தலாம் என்கிறார் கடைக்காரர். ஒரு ஹெடரைப் பல முனைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் கம்பியைப் போட்டால் மதர்போர்டு பாழாகிவிடும் என்றும் ஒருவர் பயமுறுத்தினார். எது சரி?

செம்புக்கம்பி எழுதியது:

ஹப் வாங்குவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது. 4 பின் விசிறிக்கு 12 வோல்ட் எப்போதும் முழுமையாகச் செல்லும். நான்காவது பின்னில் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் வரும் பிடபிள்யூஎம் சமிக்ஞைதான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 3 பின் விசிறிக்கு அந்தக் கம்பியே இல்லாததால், அதற்கு வரும் வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். கடைகளில் கிடைக்கும் சாட்டா ஹப்களில் பெரும்பாலானவை 12 வோல்ட்டை அப்படியே கடத்திவிட்டு, பிடபிள்யூஎம் சமிக்ஞையை மட்டும் பகிர்ந்தளிக்கின்றன. எனவே உங்கள் முன்புற விசிறிகள் ஹப்பிலும் இப்போது போலவே முழு வேகத்தில் ஓடும். பணம்தான் வீண்.

இருப்பதைக் கொண்டே இதை முடிக்கலாம். மூன்று பழைய விசிறிகளையும் ஒரு மூவழி ஸ்ப்ளிட்டரில் சேர்த்து சேசிஸ் ஃபேன் 1-இல் செருகி, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டு அமைப்புத் திரையில்) அந்த ஹெடரை, வோல்டேஜைக் கொண்டு வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள். புதிய மூன்றையும் இன்னொரு ஸ்ப்ளிட்டர் வழியாக சேசிஸ் ஃபேன் 2-க்குக் கொடுத்து, அதை பிடபிள்யூஎம் முறையில் வையுங்கள். ஹெடர்களுக்குப் பொதுவாக 1 ஆம்பியர் வரம்பு இருக்கும். உங்கள் மதர்போர்டு கையேட்டிலும் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழையவை மூன்றும் சேர்ந்து 0.75, புதியவை 0.45 ஆம்பியர்தான் எடுக்கும். ஸ்ப்ளிட்டர் மதர்போர்டைக் கெடுப்பதில்லை. கணக்குப் பார்க்காமல் ஐந்தாறு விசிறிகளை ஒரே ஹெடரில் தொங்கவிடுவதுதான் கெடுக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

மேலே சொன்ன பிரிப்பு சரியானதே. ஆனால் 0.75 என்பது ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள கணக்கு என்பதையும், நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில் மோட்டார் அதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே அந்த ஹெடரில் நான்காவதாக ஒரு விசிறியைச் சேர்க்காதீர்கள்.

ஸ்ப்ளிட்டரைக் கையில் எடுத்ததும், ஒரு முனையைத் தவிர மற்றவற்றில் மூன்றாவது பின் இல்லாதிருப்பதைக் காண்பீர்கள். உடைந்த சரக்கு என்று அதைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. மூன்றாவது பின் வேகத்தை அறிவிப்பது. விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அதன் வழியே அனுப்புகிறது. மூன்று விசிறிகளின் துடிப்புகளும் ஒரே கம்பியில் கலந்தால் மதர்போர்டு காட்டும் வேகம் அர்த்தமற்றதாகிவிடும் என்பதால்தான் ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இதில் ஒரு குறை உண்டு: மற்ற இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. தூசி துடைக்கும்போது கண்ணால் பார்த்துக்கொள்வதே வழி.

டிசி முறையில் இன்னொரு வேலை இருக்கிறது. வோல்டேஜ் மிகவும் குறைந்தால் பழைய விசிறிகள் சுழலத் தொடங்காமல் நடுங்கிக்கொண்டே நிற்கும். குறைந்தபட்ச அளவை முதலில் 60 விழுக்காட்டில் வைத்து, கணினியை முழுமையாக அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள்; மூன்றும் தயங்காமல் கிளம்பினால் ஐந்தைந்தாகக் குறையுங்கள். ஓடும் விசிறியின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது மட்டும் போதாது, ஏனெனில் சுற்றிக்கொண்டிருக்கும் விசிறி குறைந்த வோல்டேஜிலும் ஓடும். நின்ற விசிறி அதே வோல்டேஜில் கிளம்பாது.

வைகைக்கரையான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் கூறியபடியே பிரித்து இணைத்துவிட்டேன். தட்டச்சு செய்யும்போது இப்போது இரைச்சலே இல்லை. ஆனால் வேறு இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. பிரவுசரைத் திறந்தாலே விசிறிகள் ஒரு கணம் சீறிவிட்டு அடங்குகின்றன. மாறாக, விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 80 டிகிரியைத் தாண்டினாலும் முன்புற விசிறிகள் மெதுவாகவே ஓடுகின்றன. காலியாக இருக்கும் சிபியு ஆப்ட் ஹெடருக்குப் பின்புற விசிறியை மாற்றினால் பயன் உண்டா?

செம்புக்கம்பி எழுதியது:

இரண்டுக்கும் மூலம் ஒன்றே: உங்கள் விசிறிகள் பிராசஸரின் வெப்பநிலையைப் பார்த்து ஓடுகின்றன. பிராசஸர் ஒரு நொடிக்குள் பத்திருபது டிகிரி ஏறி இறங்கும். கேபினட்டுக்குள் இருக்கும் காற்று அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. பயாஸில் விசிறி வேகம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாமதம் வைக்கும் அமைப்பு இருந்தால் அதைச் சில நொடிகளுக்கு உயர்த்துங்கள், சீறல் நின்றுவிடும்.

விளையாட்டின்போது வெப்பத்தின் பெரும்பகுதியை உமிழ்வது கிராபிக்ஸ் கார்டுதான், ஆனால் பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸுக்கு அதன் வெப்பநிலை தெரியாது. விண்டோஸில் 'ஃபேன் கன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருளை நிறுவி, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டில் எது அதிகமோ அதைப் பின்பற்றுமாறு முன்புற விசிறிகளை அமைக்கலாம். லினக்ஸில் வெப்பநிலைகளைப் படித்துக் காட்டும் எல்எம்-சென்சார்ஸுடன் ஃபேன்கன்ட்ரோல் என்ற சேவையைப் பயன்படுத்தலாம். ஏஎம்டி கார்டாக இருந்தால் அதன் வெப்பநிலையையும் அதற்குக் கொடுக்க முடியும். மென்பொருள் ஓடாதபோதும் விசிறிகள் கைவிடாமல் இருக்க, பயாஸிலும் ஒரு நிதானமான அமைப்பை விட்டுவையுங்கள்.

சிபியு ஆப்ட் வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது சிபியு ஃபேன் ஹெடரின் வேகத்தையே பின்பற்றும் என்பதால், நீங்கள் ஒழிக்க நினைக்கும் அதே சீறல் பின்புற விசிறிக்கும் வந்துசேரும். கூலரில் இரண்டாவது விசிறி பொருத்தும் நாளுக்காக அதைக் காலியாகவே வைத்திருங்கள்.