புதுப்பிப்பு: ஸ்போர்ட்ஸ் கோட்டா நேர்காணலில் 'கல்யாணம் எப்போ?'

ஸ்போர்ட்ஸ் கோட்டா (விளையாட்டு ஒதுக்கீடு) வேலைக்கான நேர்காணலில் மதுரைப் பக்கத்துக் கபடி, தடகளப் பெண் பிள்ளைகளிடம் கேட்கப்படும் சொந்தக் கேள்விகளைப் பற்றி முன்பு எழுதியிருந்தோம். அதில் ஒரு திருத்தம்: பாலியல் தொல்லைப் புகார் கொடுக்க ஆறு மாத அவகாசம் என்றது தவறு. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி மூன்று மாதம்தான். தக்க காரணம் இருந்தால் மட்டுமே இன்னொரு மூன்று மாதம். புகார் கொடுக்க அந்த வேலையில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய புகார்களை விசாரிக்கும் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவிடம். ஆறு பிரதிகள், சாட்சிகள் பெயரோடு.

'கல்யாணம் எப்போ?' என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் இந்தச் சட்டத்தில் புகாராக நிற்காது. உடம்பை, மாதவிலக்கை, காதலனை இழுத்துப் பேசினால் நிற்க வாய்ப்பு உண்டு. 'தப்பாப் பேசினார்' என்று மட்டும் எழுதினால் புகார் விழுந்துபோகலாம். வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, தேதி, நேரம், எந்த நாற்காலியில் இருந்தவர் கேட்டார், அவர் சொன்ன அதே வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

'உசிலம்பட்டியில எந்தத் தெரு?' என்பது பல சமயம் சாதிக் கேள்வி. 'முகவரி விண்ணப்பத்தில் இருக்கு சார்' என்றால் போதும். கல்யாணக் கேள்விக்கு: 'பயிற்சிக்கும் வெளியூர்ப் போட்டிக்கும் வருவேன் சார்.'

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 2022-இல், வீரர்களை நேர்காணலில் மரியாதைக் குறைவாகக் கேட்டால் குறைந்தது 1,50,000 டாலர் அபராதமும், புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாய்ப்பை இழப்பதும் தண்டனை என்று அணிகளை எச்சரித்தது. இங்கேயும் தேர்வுக் குழுவுக்கு அப்படி ஒரு பயம் வேண்டும்.