ரஷ்யா, போலந்து தனியார்மயம் பற்றி என்ன படிக்கலாம்?
நண்பர்களே, 1990களில் பொதுவுடைமையிலிருந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய நாடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு உதவி வேண்டும். போலந்து 1990 ஜனவரியில் நிதியமைச்சர் பால்செரோவிச்சின் சீர்திருத்தத் திட்டப்படி பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை ஒரேயடியாக நீக்கியது, ஆனால் பெரிய அரசு ஆலைகளை விற்க அவசரப்படவில்லை. ரஷ்யாவிலோ 1992இல் அரசு நிறுவனப் பங்குகளாக மாற்றிக்கொள்ள ஆளுக்கு 10,000 ரூபிள் வவுச்சர் (சீட்டு) கொடுத்தார்கள், பணவீக்கத்தில் அதன் மதிப்பு கரைந்துபோக, பலர் வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். அப்புறம் 1995இல் அரசுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாக நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோக நிறுவனம், யூகோஸ் என்ற எண்ணெய் நிறுவனம் இவற்றின் பங்குகள் ஒருசிலர் கைக்குப் போயின (ஏலம் என்று பேருக்கு நடந்தது). ரஷ்யாவில் இப்படி ஆனதற்கு மாற்றத்தின் வேகம்தான் காரணம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, எஸ்தோனியாவும் வேகமாகத்தானே போனது, அங்கே இப்படி ஆகவில்லையே? நீதிமன்றம், வங்கிக் கண்காணிப்பு இதெல்லாம் எந்த நாட்டில் எப்போது வந்தது என்று ஒப்பிட்டு எழுதிய நூல், கட்டுரை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.